தட்டினால் விட வேண்டும்

நங்கூரத் தெருவில் அந்த வருஷம் நடந்த கல்யாணங்களில் பாதி மேடையிலேயே நின்றுபோயின. தாலி கழுத்தருகே வரும்போது பெண் மூன்று முறை தட்டிவிடுவாள். நாற்காலியில் தட்டினாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் தொடையில் தட்டினாலும் சரி, உள்ளங்கைத் தோலுக்கடியில் அரிசியளவுக்குப் பதிந்திருக்கும் தட்டுணரி அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தாலி கட்டினால் மாப்பிள்ளைக்கு மாமியார் வீடு வேறு மாதிரி அமையும்.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? சடங்கு ஒன்று புதிதாகப் பிறந்தது. தாலி ஏறும் நேரத்தில் நாத்தனார்கள் இரண்டு பேர் மணப்பெண்ணின் இரு பக்கமும் நின்று அவள் கைகளை ஆசையாகக் கோத்துக்கொள்வார்கள். கைகோப்பு என்று பெயர். போட்டோவில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

அப்படியொரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்த ஜெசிந்தா, மேடையைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள். "ரெண்டு ஸ்லீவும் போச்சு. இனிமே அந்தப் பொண்ணு கீழதான்."

"மெதுவாப் பேசு ஜெசி. பொண்ணோட அப்பா எங்க ஐஸ் பாக்டரியில சூப்பர்வைசர்," என்றான் அமலன்.

ஜெசிந்தா அப்படித்தான். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஜியு-ஜிட்சு மல்யுத்தம்தான். டயர் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். தெருவே அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். அமலனும் அவளிடம் கற்றுக்கொண்டவன்தான், கற்றுக்கொண்டவன் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் "ஏங்க" என்பவள் பயிற்சி மெத்தையில் ஏறிவிட்டால் "அமலன், இடுப்பைத் தூக்கு" என்பாள். தெருவுக்கு அது ஒரு மாதத்துக்குப் போதுமான தீனியாக இருந்தது.

தட்டுணரி வந்ததே அவள் கூடம் மாதிரியான இடங்களைப் பார்த்துத்தான். இயந்திரக் கைகள் பெருகிப்போன காலம். பேருந்து இருக்கை இடுப்பை அணைத்துக்கொண்டது, ஆஸ்பத்திரிக் கட்டில் நோயாளியைத் தானே புரட்டியது, வங்கி வாசலில் காவல் கரம் நின்றது. அணைத்த கை விடாமல் சிலர் செத்தும் போனார்கள். அப்போது சட்டம் எழுதுகிறவர்கள் யோசித்திருக்கிறார்கள்: கழுத்தை நெரிக்கிறவன், நெரிபடுகிறவன் பேச்சைக் கேட்டு உடனே விடுகிற இடம் உலகத்தில் எங்காவது உண்டா? உண்டு, ஜியு-ஜிட்சு மெத்தையில். அங்கே தட்டினால் விட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அதையே சட்டமாக்கி ஊருக்கெல்லாம் உள்ளங்கையில் தைத்துவிட்டார்கள். மறுப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். மனுஷனோ மெஷினோ, தட்டினவரைப் பிடித்து வைப்பது குற்றம். இன்னொரு பக்கத்தைத்தான் யாரும் கவனிக்கவில்லை. தட்டாதவர் எல்லாரும் சம்மதித்தவர் ஆகிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த சில வாரங்களில் கூடத்துக்கு யாழிசை என்கிற பொறியாளர் வந்தாள். சுத்தமான செருப்பை வாசலில் கழற்றி, அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்பக்கம் வைத்தாள். தெருவைப் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியனுப்பியிருக்க வேண்டும்.

"மேடம், நாங்க ஏந்தின்னு ஒரு மெஷின் பண்றோம். நடக்க முடியாத பெரியவங்களைத் தூக்கிட்டுப் போகும். பிரச்சினை என்னன்னா, தூக்கறப்ப பயந்துபோய்த் தட்டிடறாங்க. தட்டினா ஏந்தி விட்டே ஆகணும். பாதி உயரத்துல விட்டா இடுப்பெலும்பு போயிடுது."

"கையைப் பிடிச்சிக்கச் சொல்லுங்க."

"மெஷின் ஒருத்தரோட ரெண்டு கையையும் பிடிக்கக் கூடாது. சட்டம்."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "அப்போ நீங்க ஏன் பிடிக்கறீங்க? அவங்களைப் பிடிக்க வைங்க."

அன்று ஆரம்பித்தது. ஏந்தியைக் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். ஆள் உயரம், மெத்தென்ற மார்பு, நீளமான இரண்டு கைகள், கீழே சக்கரத்தோடு வளைந்து நீளும் ஒரு கால். ஜெசிந்தா மல்லாந்து படுத்து அதைத் தன் மேல் குனியச் சொன்னாள். கார்டு என்கிற தற்காப்பு நிலை இதுதான். முதுகு தரையில், எதிராளி இரண்டு காலுக்கும் நடுவில். தெரியாதவர்கள் மேலே இருப்பவன் ஜெயிக்கிறான் என்று நினைப்பார்கள். கீழே இருப்பவள் அவன் சட்டைக் கையை ஒரு கையாலும் காலரை ஒரு கையாலும் பிடித்திருப்பாள். அவன் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே பக்கம் காலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவாள். விழாமல் இருக்க அவன் தரையில் கை ஊன்ற வேண்டும். ஊன்ற வேண்டிய கைதான் இவளிடம் இருக்கிறதே. கவிழ்ந்துவிடுவான். அந்தக் கவிழ்ப்பில் ஜெசிந்தாவை அடிக்க வடசென்னையில் ஆள் கிடையாது.

"மனுஷன் சாயறப்ப யோசிக்க மாட்டான்," என்று யாழிசைக்கு விளக்கினாள். "கிட்ட எது இருக்கோ அதைப் பிடிப்பான். அந்த இடத்துல உங்க மெஷினோட காலர் இருக்கணும். வழுக்கற ரப்பர் வேணாம், எங்க சட்டை மாதிரி தடிச்ச பருத்தி போடுங்க. குதிகாலுக்குப் பின்னாடி லேசா காலை விட்டு, முழங்கையை இப்படி ஒரு இழுப்பு. தானா வந்து மடியில விழுவாங்க, காலரைக் கெட்டியாப் பிடிச்சிப்பாங்க. பிடிச்ச கை தட்டாது."

"ஒரு கையால பிடிச்சிட்டு இன்னொரு கையால தட்டினா?"

"விடாதீங்க. பிடிச்சிருக்கறவன் விழணும்னு நினைக்கல. பயத்துல தட்டறான். விட்டா செத்துடுவான்."

நல்ல யோசனைதான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மேலிடத்துக்குப் போய், ஆறு மாதத்தில் பற்றுவிதி என்று சட்டத்தில் சேர்ந்துவிட்டது. தன்னைப் பற்றிக்கொண்டிருப்பவரை ஏந்தி விடக் கூடாது. அவர் பற்றியிருப்பதே சம்மதம். பத்திரிகையில் ஒரு கிழவர் ஏந்தியின் மார்பில் குழந்தை மாதிரி சாய்ந்திருக்கும் படம் வந்தது. ஜெசிந்தா அதைக் கத்தரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அந்தக் காலர் பிடி தெரியுதா?" என்று காட்டினாள். கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பது தெருவின் அபிப்பிராயம்.

துறைமுகத்தை அகலப்படுத்தப்போவதாக நோட்டீஸ் வந்தபோது தெரு அலட்டிக்கொள்ளவில்லை. இதற்கு முன்னாலும் இரண்டு தரம் காலி பண்ணச் சொல்லி வந்தார்கள். ஆளைத் தொட்டதும் தெருவே தட்டியது, வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இப்போதும் அதேதான் நடக்கும் என்று கடல்பக்கத்து வரிசைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

காலை வெயிலில் வரிசையாக ஏந்திகள் வந்து இறங்கின.

முதல் வீடு மீன் ஏலக்காரி ரெஜினாவுடையது. வாயால் ஒரு லாரியையே நிறுத்தக்கூடியவள். "தொட்டுப் பாரு இன்னா ஆவுதுன்னு" என்று கையை விரித்துத் தயாராக நின்றாள். ஏந்தி அவளை இறுக்கவில்லை, தூக்கவில்லை. பக்கத்தில் வந்து முழங்கையை மெல்லத் தொட்டது. அவ்வளவுதான் தெரிந்தது. அடுத்த நொடி ரெஜினா பின்பக்கம் சாய்ந்தாள், கைகள் தாமாகப் போய் ஒரு தடித்த காலரைப் பிடித்தன. ஏந்தி அவளை உயரத் தூக்கி, நிதானமாக வண்டியை நோக்கி நடந்தது. கீழே பார்த்த ரெஜினா ஒரு கையை எடுத்துத் தட்டினாள். இன்னொரு கை விடமாட்டேன் என்றது. அந்த உயரத்தில் யார் விடுவார்கள்?

"பயனாளி பற்றியிருக்கிறார். நன்றி," என்றது ஏந்தி.

தெருவில் மற்றவர்களாவது கொஞ்சம் தடுமாறிப் பிறகு பிடித்தார்கள். ஜெசிந்தாவின் மாணவர்கள் நிலைமை இன்னும் மோசம். எதிரே ஒரு சட்டைக் கை நீண்டால் யோசிக்காமல் பாய்ந்து பிடிப்பதற்குத்தான் அவர்களுக்கு வருஷக்கணக்காகப் பயிற்சி. தட்டுவது கேவலம் என்று வேறு பழகியிருந்தார்கள். ஏந்தி கவிழ்க்கவே வேண்டியிருக்கவில்லை, கையை நீட்டியது, போய் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவன் ஷாகுல், தூக்கிப்போகும்போது ஜெசிந்தாவைக் கடந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

"மாஸ்டரம்மா, இது நம்ம கவிழ்ப்பு."

தெரு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

இதற்கு நடுவில் அமலன் ஒரு காரியம் செய்தான். ரெஜினாவைக் காப்பாற்றுகிறேன் என்று குறுக்கே ஓடினான். இரண்டாவது ஏந்தி அவனைச் சாய்த்தது. விழுந்தவன் காலரை மட்டுமல்ல, அதன் கழுத்தையே கட்டிக்கொண்டான், கண்ணை வேறு மூடிக்கொண்டான். வண்டிவரை போன பிறகுதான் அவன் எதிர் வரிசைக்காரன், அவன் முறை அடுத்த மாதம் என்று தெரிந்தது. அதே மாதிரி ஏந்திக் கொண்டுவந்து அவன் வாசலில் இறக்கிவிட்டு, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது. சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

மதியத்துக்குள் கடல்பக்கத்து வரிசை காலி. எல்லாரும் சம்மதித்துப் போனதாக மாலைச் செய்தி சொன்னது. எங்கோ பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால் அவர்களுக்கு அடுக்குமாடி கொடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஜெசிந்தா சுவரில் இருந்த படத்தைக் கிழித்தாள். மீதி வரிசைக்காரர்களைக் கூடத்துக்கு வரச் சொன்னாள். சிலர் வந்தார்கள். திட்டுவதற்கென்றே வந்தவர்கள் அதிகம்.

"நீதானே அதுக்குக் கத்துக்குடுத்தது?" என்று கேட்டார் பலசரக்குக் கடை வேதமாணிக்கம்.

"ஆமாண்ணே. அதனாலதான் அதுகிட்ட என்ன இல்லைன்னு எனக்குத் தெரியும். அதால உங்களைப் பிடிக்க முடியாது. நீங்கதான் அதைப் பிடிக்கறீங்க. பிடிக்காம விழுங்க."

"விழறதா?"

"கையை விரிச்சிட்டு விழுங்க. தலையை மட்டும் காப்பாத்துங்க. விழறப்பவே தட்டுங்க. வீட்டுல எல்லாரும் பிடிக்காமத் தட்டிட்டா அது விட்டே ஆகணும், அந்த வீட்டை விட்டுட்டுப் போயே ஆகணும்."

கேட்பதற்குச் சுலபம். விழுகிற மனுஷன் எதையும் பிடிக்காமல் விழுவது என்பது பிறந்ததிலிருந்து பழகிய ஒன்றை மறப்பது. வேதமாணிக்கம் முதல் வாரம் பக்கத்தில் நின்றவர் வேட்டியைப் பிடித்தார். யாரென்று சொன்னால் சண்டை வரும். இரண்டாவது வாரம் யாரையும் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் தெருவே சாய்ந்தது, விரித்த கையோடு தட்டியது. பிள்ளைகள் அம்மாக்களின் முந்தானையைப் பிடித்து நடப்பதை நிறுத்தின. தடுக்கினால் யாரும் யாரையும் எட்டிப் பிடிப்பதில்லை. விழுகிறவரும் கை நீட்டுவதில்லை. முழங்கைக் காயம் இல்லாத ஆள் தெருவில் இல்லை.

அமலன் மட்டும் தேறவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் எதையாவது பிடித்தான். ஜெசிந்தாவைப் பிடித்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்தான், ஒரு நாள் குக்கர் மூடியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

"நான் பிடிக்கல ஜெசி. கை பிடிக்குது."

"வீட்டுல ஒருத்தர் பிடிச்சாலும் வீடே சம்மதிச்ச மாதிரிங்க. நான் ஆயிரம் தட்டினாலும் பிரயோஜனமில்ல. நம்ம வீடு உங்க கையிலதான் இருக்குது."

அவள் அதை உள்ளபடியேதான் சொன்னாள். அப்புறம் அவனுக்கு நிம்மதி போயிற்று. பல் தேய்க்கும்போது பின்னாலிருந்து சாய்ப்பாள். சட்டை மாட்டும்போது, ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் இருக்கும்போது சாய்ப்பாள். பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது, ஊரே பார்க்க, சாய்த்தாள். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். பிடித்தால் மறுபடி. பிடித்தால் மறுபடி. "விரி, தட்டு. விரி, தட்டு," என்பது அந்த வீட்டில் ஜெபத்தைவிட அதிகமாகக் கேட்டது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்குத் தூக்கத்தில் அதுதான் தாலாட்டு.

கடைசியில் ஒரு நாள், சாம்பார் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்தவனைக் குதிகாலில் தட்டிவிட்டாள். கிண்ணம் ஒரு பக்கம் பறந்தது. அமலன் பத்து விரலும் விரிந்து, தாடையை நெஞ்சில் சேர்த்து, சரியாக விழுந்தான். விழும்போதே தரையில் மூன்று தட்டு. மேலெல்லாம் சாம்பார். சிரித்தான்.

"வந்துடுச்சு."

"வந்துடுச்சு," என்றாள் ஜெசிந்தா. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். எழுப்பிவிடக் கை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான், தரையில் ஊன்றித் தானாக எழுந்துகொண்டான். நல்ல மாணவன் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் ஏந்திகள் வந்தன. அதைத் தெரு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாகச் சாய்த்தன, வீடு வீடாக விழுந்தார்கள். வேதமாணிக்கத்துக்கு முன்பல் இரண்டு போயிற்று, தட்டிவிட்டுத்தான் பல்லைத் தேடினார். ஏந்திகள் ஒவ்வொன்றாக, "மறுப்பு ஏற்கப்பட்டது" என்று சொல்லிக் கைகளை மடக்கிக்கொண்டன. அமலன் முறை வந்தது. ஏந்தி அவன் முழங்கையைத் தொட்டது, காலரை அவன் கைக்கு நேராகக் கொண்டுவந்தது. அமலன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தார் ரோட்டில் மூட்டை மாதிரி விழுந்து தட்டினான்.

மாலைக்குள் வண்டிகள் போய்விட்டன. துறைமுகத்தை வேறு பக்கமாக அகலப்படுத்தப்போவதாகச் செய்தி வந்தது. தெரு ஜெசிந்தாவுக்குச் சால்வை போட்டது. தோளில் போட்டார்கள், கையைக் குலுக்கவில்லை. யாரும் யார் கையையும் தொடுவது அப்போதே நின்றுபோயிருந்தது.

மழைக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அமலன் மொட்டை மாடிக்கு ஏறினான். ஜெசிந்தா பக்கெட்டோடு பின்னால் போனாள். தொட்டி கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கிறது. கூடம் அவளுக்கு, வீடு அவனுக்கு என்று யார் எதைத் துடைப்பது என்பதில் லேசான வாக்குவாதம் நடந்ததாக எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். கோபமெல்லாம் இல்லை, சிரிப்பும் கேட்டதாம்.

அமலன் தொட்டியின் பாசியைச் சுரண்டி வழித்துவிட்டுச் சுவர்மேல் கால் வைத்தான். கால் வழுக்கியது.

பிடிக்க அங்கே எவ்வளவோ இருந்தது. தொட்டியின் குழாய், கேபிள் கம்பி, சுவரின் விளிம்பு. எதிர்மாடிக்காரர்கள் பார்த்தார்கள்: அவன் கை எதன் பக்கமும் போகவில்லை. விரிந்த கையோடு பின்னால் சாய்ந்தான்.

ஜெசிந்தா பக்கெட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் போன பிறகும் மணிக்கட்டு அவள் கைக்குக் கிடைத்தது. வடசென்னையிலேயே கெட்டியான பிடி அது. வயிறு சுவரில் அழுந்த, அவன் முழு எடையையும் ஒற்றைக் கையால் தாங்கினாள். மறு கையை நீட்ட அவளுக்கு ஒரு நொடி வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

"ஏங்க, என் கையைப் பிடிங்க. பிடிங்க."

அமலன் அண்ணாந்து பார்த்தான். பிடிபட்ட கையின் விரல்கள் ஐந்தும் விரிந்தே இருந்தன. அவன் யோசித்துச் செய்தானா என்று யாரும் கேட்காதீர்கள், யோசிக்காமல் செய்வதற்குத்தான் அவ்வளவு பயிற்சியும். மறு கை எழும்பி வந்து அவள் முழங்கைக்குக் கீழே மூன்று முறை தட்டியது.

இருபது வருஷமாக மெத்தையில் யார் தட்டினாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விட்ட கை அது. விட்டது.

போலீஸ்காரர் நல்ல மனுஷர். பக்கத்துத் தெருக்காரர்தான், பெயர் இஸ்ரவேல். கீழே கிடந்த அமலன் உள்ளங்கையில் தட்டுணரியைப் படிக்கும் கருவியை வைத்துப் பார்த்தார், அப்புறம் ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிவிட்டு அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. அவர் தெளிவாத் தட்டியிருக்காரு. தட்டின உடனே நீங்க விட்டுட்டீங்க. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு."

ஜெசிந்தா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் விரிந்தே இருந்தது.

"நான் விடாம இருந்திருந்தா?"

இஸ்ரவேல் கருவியைப் பைக்குள் வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவரைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"தட்டின பிறகும் பிடிச்சு வச்சிருந்தீங்கன்னா," என்றார், "உங்களை நான் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்திருக்கும்மா."

சுற்றி நின்ற தெரு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அது நியாயம்தானே என்று தலையாட்டியது.